விடிய விடியக் கொட்டக் கொட்ட விழிப்பு! கோல்ப் ஆடப் போகிறவர்களின் தூக்கத்தைத் திருடும் ஆசாமி யார்?

நேரம்: நள்ளிரவு தாண்டி மணி 2.

இடம்: அமெரிக்காவில் நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்டு. பெரிய கார் நிறுத்துமிடம்.

வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. ஒவ்வொரு காருக்குள்ளும் ஆள்! சீட்டைச் சாய்த்துப் போர்வையை இழுத்து மூடிக் கொண்டு படுத்திருக்கிறார்கள். கண் மூடி இருக்கிறது. தூக்கம் மட்டும் வரவில்லை. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

பதுங்கி இருக்கும் கொள்ளைக் கூட்டமா? போலீசுக்குப் பயந்து ஒளிந்தவர்களா?

அதெல்லாம் இல்லை. அத்தனை பேரும் காலையில் கோல்ப் ஆட வந்த கனவான்கள்!

எச்சரிக்கைப் பலகை

அந்த இடத்தின் பெயர் பெத்பேஜ். மாநில அரசுக்குச் சொந்தமான பூங்கா. உள்ளே 5 கோல்ப் களங்கள். அவற்றில் பெயர் பெற்றது கறுப்புக் களம். 1936-ல் திறக்கப்பட்டது. 2002-லும் 2009-லும் அமெரிக்க ஓபன் போட்டி இங்கேதான் நடந்தது. 2025-ல் ரைடர் கோப்பைப் போட்டியும் இங்கேதான்.

"இது ரொம்பக் கடினமான களம், நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் மட்டும் வரவும்" என்ற பொருளில் ஆட்டம் தொடங்கும் இடத்திலேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் திரும்பிப் போவதில்லை. பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொள்கிறார்கள்!

முன்பதிவு கிடைக்காதவர்கள் முதல் நாளே வந்து, எண் போட்ட இடத்தில் காரை நிறுத்திக் காத்துக் கிடக்கிறார்கள். முந்தி வந்தவருக்கு முதல் இடம். புதுப் படத்துக்கு முதல் ஆட்டம் டிக்கெட் வாங்கத் தியேட்டர் வாசலில் படுத்துக் கிடப்பார்களே, அதே கதைதான்.

கோல்ப் பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசிலும் இதே கூத்து நடந்தது. அங்குள்ள பழைய களத்தில் துணை இல்லாமல் தனியாக ஆட வருகிறவர்கள், கடற்கரைக் குளிரில் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள். 2024-ல்தான் அதற்கு முடிவு கட்டினார்கள். இப்போது முதல் நாள் பெயர் கொடுத்தால் குலுக்கல் நடக்கிறது.

"குழந்தை மாதிரி அழுதேன்"

சரி, காருக்குள் படுத்தவனுக்குத் தூக்கம் வராது. மெத்தையில் படுத்தவனுக்கு?

அவனுக்கும் வராது! குழியைச் சுற்றி உருளும் பந்து, கண்ணை மூடினால் மனதுக்குள் உருளுகிறது. சாதாரண ஆட்டக்காரர்களின் பாடு மட்டும் அல்ல இது. உலகின் முதல் இடத்தில் இருந்தவருக்கே நெஞ்சு படபடத்த சம்பவம் உண்டு.

2022 ஏப்ரல். அமெரிக்காவின் அகஸ்டாவில் புகழ் பெற்ற மாஸ்டர்ஸ் போட்டி. 3 நாள் ஆட்டம் முடிந்தது. 25 வயது ஸ்காட்டி ஷெப்லர் 3 அடி வித்தியாசத்தில் முன்னணியில் நின்றார். இன்னும் ஒரே நாள்தான்.

முன்னணியில் இருப்பவர் கடைசியாகத்தான் களம் இறங்க வேண்டும். அவருக்குக் கொடுத்த நேரம் பிற்பகல் 2.40. காலை முழுக்கச் சும்மா இருக்க வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாலிபர் மனைவி முன்னால் குழந்தை மாதிரி அழுது விட்டார். "இதற்கு நான் தயாராக இல்லை" என்று புலம்பினார். மனைவிதான் தேற்றி அனுப்பி வைத்தார். இதைப் போட்டி முடிந்த பிறகு நிருபர்களிடம் அவரே ஒளிக்காமல் சொன்னார்.

முடிவு? 3 அடி வித்தியாசத்தில் வெற்றி! பரிசு 27 லட்சம் டாலர். அன்று காலை அழுத கண்ணுக்கு, மாலையில் பச்சைக் கோட்டு.

கைவிலங்கும் விழுந்தது

இதே ஷெப்லருக்கு இன்னொரு சோதனையும் வந்தது. 2024 மே 17. லூயிவில் நகரில் பி.ஜி.ஏ. போட்டியின் 2-ம் நாள். விடிவதற்கு முன்பு மைதானத்துக்கு வெளியே ஒரு சாலை விபத்து நடந்து, ஒருவர் உயிர் இழந்தார். போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அங்கே காரில் வந்த ஷெப்லருக்கும் போலீசாருக்கும் தகராறு ஏற்பட்டு, கைவிலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள்.

லாக்கப்பில் உடல் நடுங்கியதாகப் பிறகு சொன்னார். அந்த அறைக்குள்ளேயே கை, காலை நீட்டி மடக்கி உடற்பயிற்சி செய்தார். விடுதலையாகி நேரே மைதானத்துக்கு வந்து 66 அடியில் ஆட்டத்தை முடித்தார். அருமையான ஆட்டம்! 12 நாள் கழித்து வழக்கு மொத்தமும் தள்ளுபடி ஆனது.

நடுங்கிய கைதான். பந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று.

திருடன் யார்?

தூக்கத்தைத் திருடும் ஆசாமி வெளியே இல்லை. உடம்புக்குள்ளேயே இருக்கிறான். பெயர் அட்ரினலின். ஆபத்து என்று மனம் நினைத்தால் ரத்தத்தில் சுரக்கும் பொருள் இது. இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். கண்ணை மூட விடாது. புலி துரத்தினாலும் ஒன்றுதான், காலை 6 மணி ஆட்டம் என்றாலும் அதற்கு ஒன்றுதான்!

கோல்ப் ஆட்டத்தில் இவனுக்கு வசதி அதிகம். பந்து தரையில் அசையாமல் கிடக்கிறது. எதிராளி யாரும் வந்து தட்டிப் பறிப்பதில்லை. 18 குழியும் முடிக்க 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் பந்தை அடிக்கும் நேரம் சில நிமிஷம்தான். மிச்ச நேரம் எல்லாம் யோசனை. அந்த யோசனை முதல் நாள் ராத்திரியே தொடங்கி விடுகிறது.

மற்ற ஆட்டக்காரர்கள் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறார்களா? ஆஸ்திரேலியாவில் 283 முன்னணி விளையாட்டு வீரர்களிடம் விசாரித்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. முக்கியப் போட்டிக்கு முந்தின இரவு தூக்கம் கெட்டது என்று 64 சதவீதம் பேர் ஒப்புக் கொண்டார்கள்.

உண்மையான ஆபத்து

ஒரு ராத்திரி தூக்கம் போனதற்காக ஆட்டமே போச்சு என்று அலற வேண்டியதில்லை. பயப்பட வேண்டிய இடம் வேறு. கார் ஸ்டியரிங்!

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் இருக்கும் ஆளைப் போலக் கையும் கண்ணும் தடுமாறும். 24 மணி நேரம் ஆனால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். இதுவும் ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து 1997-ல் வெளியிட்டதுதான். நியூயார்க்கில் 0.08 தொட்டாலே குடிபோதை வழக்கு. தூக்கம் கெட்டவனைப் பிடிக்க ஊதிப் பார்க்கும் கருவி இல்லை!

ராத்திரி முழுக்கப் புரண்டு விட்டு, 4 மணிக்கு இருட்டில் தனியாகக் காரை எடுப்பவர் குறி தவறினால், தவறுவது பந்து மட்டும் அல்ல.

ஆகவே மட்டைப் பையை மாலையிலேயே கட்டி வையுங்கள். சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். தூக்கம் வராவிட்டால் மல்லுக்கட்டாமல் எழுந்து கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். ஆட்டத்துக்கு முந்தின நாலைந்து நாள் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கி வையுங்கள். அது கையிருப்பு மாதிரி உதவும். அப்படியும் கண் செருகினால் சாவியை நண்பரிடம் கொடுத்து விடுங்கள்.

லாங் ஐலண்டில் பொழுது விடிகிறது. கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. சிவந்த கண், கசங்கிய சட்டை. கேட்டுப் பாருங்கள், ஒருத்தர் முகத்திலாவது வருத்தம் இருக்கிறதா என்று!