கடையும் வீடும் ஒன்றாய் உள்ளவர்கள் மழைக்கு முன் செய்து வைக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓய்கிறது. நம் வணிகர்களுக்கும் அந்த மூன்று மாதங்கள்தான் கை நிறையச் சரக்கு இருக்கும் காலம். தீபாவளிக்குக் கொள்முதல் செய்தது, கார்த்திகைக்கு வாங்கியது, பொங்கலுக்கென்று மண்டியில் கடன் சொல்லி இறக்கியது என்று கடையும் கிடங்கும் நிறைந்திருக்கும். ஆகவேதான் வெள்ளம் வருகிறது, வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும்போது தெருவில் மற்றவர்கள் கிளம்பிவிட, கடைக்காரர் மட்டும் நின்றுவிடுகிறார். "நீங்கள் போங்கள், நான் நாலு மூட்டையை மேலே ஏற்றிவிட்டு வருகிறேன்" என்று குடும்பத்தை அனுப்பிவிட்டு இருட்டில் தனியாகத் தங்குகிறார். இங்கே நாம் பேச வருவது அந்த நாலு மூட்டையைப் பற்றித்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆள் ஒரு மூட்டையைத் தூக்கிப் பரணில் அடுக்க 3 நிமிடம் என்று வைத்தாலும் 100 மூட்டைக்கு 5 மணி நேரம் ஆகும். வெள்ளம் அவ்வளவு அவகாசம் தருவதில்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட, அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் இரவோடு இரவாகத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பர் 17, 18இல் தென் மாவட்டங்களில் நடந்தது அதைவிடக் கடுமை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணி பெருகி ஸ்ரீவைகுண்டம் துண்டிக்கப்பட்டது. ஏரல் கடைத்தெருவே மூழ்கியது. 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1 லட்சம் கன அடிக்கும் மேல் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்கள் தவித்தன. வெள்ளம் பெரும்பாலும் நாம் தூங்கும் நேரத்தில் வருகிறது என்பதை இவற்றிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே எப்போது கிளம்புவது என்பதை மழைக்கு முன்பே, வெயில் அடிக்கும் ஒரு பகலில், குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். தெருமுனைப் பாலத்திலோ எதிர்ச் சுவரிலோ சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் கிளம்புவது. கையில் இருக்கும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்புவது. கோட்டை முழங்காலுக்குக் கீழேயே போடுவது நல்லது. ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். ஒரு அடி இருந்தால் சிறிய காரை நகர்த்திவிடும். கோடு தெரியாத இருட்டில் அறிவிப்பு வந்தால், அந்த அறிவிப்பையே கோடாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூட்டை ஏற்றும் வேலை அதற்கு முந்தைய நாள் வேலை. வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்த அன்றே அதைத் தொடங்குங்கள். சிவப்பு என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழையை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். ஏற்றும்போது சர்க்கரை, உப்பு, வெல்லம், மாவு வகைகளை முதலில் ஏற்றுங்கள். தண்ணீர் பட்டால் இவை கரைந்தே போகும். அடுத்து பருப்பு, அரிசி. சோப்பும் எண்ணெய் டின்னும் கடைசியில் போகட்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் மட்டும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் வெள்ளத்தில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கடைக்கு மேலே பிள்ளைகள் தூங்கும் வீட்டில் இது விளையாட்டல்ல.

இனி கையில் எடுத்துச் செல்லும் பை. இதற்கென்று கடைகளில் விற்கும் பை எதுவும் வேண்டாம். பிள்ளைகளின் பழைய பள்ளிப் பையே போதும். தோளில் மாட்டுவதாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு கையில் குழந்தை, மறு கையில் கம்பு. பையை நிரப்பியதும் நம் தராசிலேயே வைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு 8 கிலோவைத் தாண்டினால் குறைத்துவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டராவது வேண்டும் என்பது கணக்கு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர், அதாவது 45 கிலோ. அதை யாரும் தூக்க முடியாது. ஆகவே ஆளுக்கு 2 லிட்டர் பையில், மீதிக்குக் குளோரின் மாத்திரை. எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்பது அட்டையிலேயே இருக்கும். போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அவல், பொட்டுக்கடலை, வெல்லம், கடலைமிட்டாய், பேரீச்சை, பிஸ்கட், குழந்தைக்குப் பால் பவுடர். அடுப்பு கேட்கும் பொருள் எதுவும் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும்: விற்காமல் கிடந்ததையும் தேதி முடியப்போவதையும் இந்தப் பையில் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. வாடிக்கையாளருக்குக் கொடுக்காததை அவசரத்துக்குப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?

மற்றவை வழக்கமானவைதாம். டார்ச்சும் மாற்று செல்களும், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், விசில், கயிறு, மாற்றுடை, பெண்களுக்கான நாப்கின், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மூக்குக்கண்ணாடி. இரத்த அழுத்தம், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஒரு வார மாத்திரையும் மருந்துச் சீட்டு நகலும். ரொக்கம் அவசியம். மின்சாரமும் செல்போன் கோபுரமும் நின்றுவிட்டால் யாருக்கும் கியூஆர் அட்டை வேலை செய்யாது. 500 ரூபாய்த் தாளுக்குச் சில்லறை கிடைக்காத நாள் அது. 10, 20, 50 தாள்களாகவே வையுங்கள். நம் கல்லாவில் அவை தினமும் புழங்குகின்றன.

ஆவணங்களைத் தனியே ஜிப் கவரில் போட்டு வைக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், பத்திரம், பட்டா, பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ், காப்பீட்டுப் பாலிசி, ஜிஎஸ்டி சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், வாடகை ஒப்பந்தம். இவை போனாலும் நகல் வாங்க வழி உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பின் தமிழக அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, தொலைந்த ஆவணங்களுக்கு நகல் வழங்கியது. ஆனால் நம் கடன் நோட்டுக்கு நகல் தர எந்த அலுவலகமும் கிடையாது. தெருவிலுள்ளவர்கள் எழுதிவைத்து வாங்கிய பற்று முழுவதும் அந்த ஒரு நோட்டில் இருக்கிறது. அது ஊறிப்போனால் கேட்கவும் முடியாது, கொடுக்க நினைப்பவருக்கும் தொகை நினைவிராது. ஆகவே மழைக்கால மூன்று மாதமும் இரவு கடை அடைக்கும் முன் அன்றைய பக்கத்தைச் செல்போனில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள். அலமாரியையும் கிடங்கையும் வாரம் ஒருமுறை அதேபோல் படமெடுத்து வைத்தால், இழப்பீடு கேட்கும்போது கையிருப்புக்குச் சாட்சியாகும்.

இனி ஆட்கள். யார் பாட்டியைக் கைப்பிடிப்பது, யார் மெயின் சுவிட்சை அணைப்பது, யார் கேஸ் ரெகுலேட்டரை மூடிச் சிலிண்டரைக் கிரில்லில் கட்டுவது (நிறைந்த சிலிண்டரும் தண்ணீரில் மிதக்கும்) என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொடுங்கள். கூடும் இடங்கள் இரண்டு: தெருவை விட்டு மேடான இடத்தில் ஒன்று, ஊருக்கு வெளியே உறவினர் வீடு ஒன்று. செல்போன் கிடைக்காவிட்டாலும் எல்லாரும் செய்தி சொல்ல வெளியூர் உறவினர் ஒருவரின் எண் அனைவருக்கும் மனப்பாடமாக வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108. இவற்றைக் காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள்.

இந்தப் பட்டியலில் பலர் விட்டுவிடும் பெயர் ஒன்று உண்டு. கடையில் படுக்கும் பையன். சொந்த ஊரிலிருந்தோ வட மாநிலத்திலிருந்தோ வந்து நம் கடைப் பரணில் தூங்குகிறவன். உள்ளே அவனிருக்க வெளியே ஷட்டரைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போகும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டுமல்ல, எக்காலத்திலும் அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் அழுத்தினால் ஷட்டர் தூக்க வராது; மின்சார ஷட்டர் கரண்டு போனால் அப்படியே நிற்கும். மழை நாளில் அவனும் மாடியில், குடும்பத்தோடு படுக்கட்டும். அவனுக்கும் ஒரு பை, அவன் வீட்டு எண்ணும் அந்தக் காகிதத்தில்.

பையைப் பிரித்துப் பார்க்க ஆயுதபூஜை பொருத்தமான நாள். கடையைக் கழுவித் தராசுக்குப் பொட்டு வைக்கும்போதே மாத்திரைத் தேதி, செல், பிஸ்கட் தேதி எல்லாவற்றையும் பார்த்து மாற்றிவிடலாம். அன்றே ஒருமுறை எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு மேட்டுத் தெருவரை நடந்து பாருங்கள். பாட்டிக்கு எத்தனை நிமிடம் ஆகிறதென்று தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தார் சிரித்தால் சிரிக்கட்டும்.

வெள்ளம் வடிந்து திரும்பும்போது மெயின் சுவிட்சை நீங்களே போடாதீர்கள், மின் பணியாளர் வந்து பார்க்கட்டும். அலமாரிச் சந்தில் பாம்பு இருக்கும். கம்பால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். சேறு அள்ளும் முன் கடையை நான்கு மூலையிலிருந்தும் படமெடுத்துக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அன்றே தகவல் கொடுங்கள். அவர்களுடைய சர்வேயர் வந்து பார்க்கும்வரை நனைந்த மூட்டைகளைத் தெருவில் கொட்டாமல் ஓரமாக அடுக்கி வையுங்கள்.