ஆகாயத்தில் இருந்து குதித்த டாக்டர்!

ஆற்காட்டின் பெயரைக் கொரியா வரை கொண்டுசென்ற ரங்கராஜ்

வேலூர், ஆம்பூர் சீமை தோலுக்குப் பேர் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். அங்கே தைக்கிற பூட்சும் செருப்பும் கப்பல் ஏறிப் பல தேசங்களுக்குப் போகின்றன.

பூட்ஸ் மட்டுமா போயிற்று? பூட்ஸ் மாட்டிக்கொண்டு பட்டாளத்துக்குப் போன ஆட்களும் இந்தச் சீமையில் ஏராளம். வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. "ராணுவப்பேட்டை" என்று அதற்கு மறுபெயர். ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் சேர்ந்த ஊர் அது.

ராணிப்பேட்டைக்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில் இருப்பது ஆற்காடு. நவாபுகள் ஆண்ட ஊர். அந்த ஊரின் பெயரைத் தன் பெயரின் முதல் எழுத்தாகக் கொண்ட ஒரு டாக்டர் இருந்தார். அவர் பெயர் ஏ.ஜி.ரங்கராஜ். ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் என்பது முழுப் பெயர்.

அவர் பறக்கும் விமானத்தில் இருந்து யுத்த களத்தில் குதித்தவர். குதித்தது எதிரியைச் சுடுவதற்காக அல்ல. குண்டடி பட்டவர்களின் உயிரைக் காப்பதற்காக!

முதல் குதிப்பு

விமானத்தில் இருந்து குதிக்கும் வீரர்களுக்கு "பாராசூட் படையினர்" என்று பெயர். பாராசூட் என்பது பெரிய துணிக்குடை. அதை மடித்து மூட்டையாக முதுகில் கட்டிக்கொள்வார்கள். மூட்டையில் ஒரு கயிறு இருக்கும். கயிற்றின் நுனியில் கொக்கி. அதை விமானத்துக்குள் இருக்கும் கம்பியில் மாட்டிவிடுவார்கள்.

ஆள் வெளியே குதித்ததும் கயிறு இழுபடும். மூட்டை பிரியும். குடை விரியும். குடை விரிந்த பிறகும் தரையில் மெதுவாகப் பூப்போல இறங்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பன்னிரண்டு அடி உயரச் சுவரில் இருந்து குதித்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். சரியாக விழத் தெரியாவிட்டால் கால் முறியும்.

2-வது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். இந்திய ராணுவத்தில் பாராசூட் படை அமைக்கும் வேலை 1941-ம் ஆண்டு தொடங்கியது. அந்தப் படையின் ஒரு பிரிவுக்கு ரங்கராஜ் டாக்டராக இருந்தார். அப்போது அவர் லெப்டினென்ட்.

"வீரர்கள் குதிக்கட்டும். அடிபட்டு வந்தால் கட்டுப் போடுகிறேன்" என்று அவர் கீழே உட்கார்ந்திருக்கவில்லை. தானும் குடையைக் கட்டிக்கொண்டு குதித்தார். அவரும், அவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் என்று ராணுவச் சரித்திரம் சொல்கிறது.

நடமாடும் ஆஸ்பத்திரி

1950-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி கொரியாவில் யுத்தம் மூண்டது.

கொரியா, சீனாவையும் ரஷியாவையும் ஒட்டிய சிறிய நாடு. 35 ஆண்டுகள் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. 1945-ல் ஜப்பான் தோற்றதும், அந்த நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. வட கொரியப் படை தெற்கே புகுந்ததும் ஐக்கிய நாடுகள் சபை தென் கொரியாவுக்கு உதவி கேட்டது. அமெரிக்கா உள்பட பல நாடுகள் படை அனுப்பின.

இந்தியா என்ன செய்தது? சுதந்திரம் பெற்று 3 ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். சண்டை போடப் படை அனுப்ப மாட்டோம். காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் செய்ய டாக்டர்களை அனுப்புவோம் என்று நேருவின் சர்க்கார் முடிவு செய்தது.

அப்படிப் புறப்பட்டதுதான் "60-வது பாராசூட் பீல்டு ஆம்புலன்ஸ்". ஆம்புலன்ஸ் என்றதும் மணி அடித்துக்கொண்டு ஓடும் ஒரே ஒரு வண்டி என்று எண்ணிவிடக் கூடாது. இது ஒரு நடமாடும் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள், மயக்க மருந்து கொடுப்பவர்கள், பல் டாக்டர், மருந்து கட்டுபவர்கள், தூக்குக்கட்டில் சுமப்பவர்கள் எல்லோரும் இதில் உண்டு. மொத்தம் 300-க்கும் மேற்பட்டோர். அவர்களுக்குத் தலைவர், லெப்டினென்ட் கர்னல் ரங்கராஜ்.

1950-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி அவர்கள் பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஒரு பகுதியினர் தேகு நகரில் தங்கி, ஊர் ஜனங்களுக்கு வைத்தியம் செய்தார்கள். ரங்கராஜும் மற்றவர்களும் பிரிட்டிஷ் படையோடு சேர்ந்து, போர்முனைக்குப் போனார்கள்.

ரெயில் ஓட்டிய டாக்டர்கள்

அவர்கள் வட கொரியாவின் தலைநகரான பியாங்யாங் போய்ச் சேர்ந்த சமயம், நிலைமை தலைகீழாக மாறியது. லட்சக்கணக்கான சீன வீரர்கள் வட கொரியாவுக்குத் துணையாக யுத்தத்தில் குதித்திருந்தார்கள். ஐக்கிய நாடுகளின் படை பின்வாங்கியது. எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று பாலங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

டிசம்பர் மாதம். எலும்பை உறைய வைக்கும் குளிர். இந்தியர்களிடம் போதிய வண்டிகள் இல்லை. ஆட்கள் மட்டும் தப்பலாம். ஆனால் ஆபரேஷன் கருவிகளையும் மருந்துகளையும் என்ன செய்வது? அழித்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்ற நிலை.

ரங்கராஜ் அதற்குச் சம்மதிக்கவில்லை. கத்தி இல்லாத தச்சனும், உலை இல்லாத கொல்லனும் என்ன செய்ய முடியும்? கருவியும் மருந்தும் இல்லாத டாக்டரும் அப்படித்தான். வேறு சாமான் இந்தியாவில் இருந்து வந்து சேரும்வரை காயம்பட்டவன் காத்திருப்பானா?

வழி தேடினார்கள். ஒரு பழைய நீராவி ரெயில் என்ஜின் கண்ணில் பட்டது! சில பெட்டிகளும் கிடைத்தன. ஆனால் என்ஜினில் தண்ணீர் இல்லை. ஓட்டுவதற்கு ரெயில்வே ஆட்களும் இல்லை.

வீரர்கள் வரிசையாக நின்றார்கள். கிணற்றடியில் குடம் கை மாறுவதுபோல, வாளி வாளியாகத் தண்ணீர் கை மாறியது. என்ஜின் நிரம்பியது. எரிப்பதற்கு வேண்டியதையும் தேடிக் கொண்டுவந்து போட்டார்கள். என்ஜின் ஓட்டத் தெரிந்தவர்கள் அந்தப் படைக்குள்ளேயே இருந்தார்கள்.

மருந்துப் பெட்டிகள் ஏறின. ஆபரேஷன் மேஜைகள் ஏறின. ஆட்களும் ஏறினார்கள். ரெயில் புறப்பட்டது. கடைசிப் பாலம் தகர்க்கப்படும் முன்பு, அதைக் கடந்து தெற்கே வந்து சேர்ந்தது!

அன்று அந்தச் சாமான்களை அழித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த வாரமே அவை தேவைப்பட்டன. அடுத்த மாதமும் தேவைப்பட்டன. மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.

சீனர்களின் முதுகுப்புறத்தில்

1951-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி. புனித வெள்ளிக்கிழமை.

சியோல் நகருக்கு வடக்கே, இம்ஜின் ஆற்றங்கரையில் முன்சான் என்று ஓர் ஊர். சீனர்கள் பின்வாங்கும் வழியை மறிப்பதற்காக, அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் அங்கே குதித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். வானம் முழுவதும் குடைகள்.

அந்தக் குடைகளுக்கு நடுவே ரங்கராஜின் தலைமையில் 12 பேர் கொண்ட இந்திய மருத்துவக் குழுவும் இறங்கியது. குதித்து, குடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடனே வைத்தியத்தைத் தொடங்கினார்கள். குண்டடி பட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது வழக்கம். இங்கே ஆஸ்பத்திரியே ஆகாய மார்க்கமாகக் குண்டடி பட்டவனிடம் வந்துவிட்டது!

யுத்தத்தில் சாகிறவர்களில் பலர், குண்டு பட்டவுடனே சாவதில்லை. ரத்தம் கொட்டிக்கொட்டிச் சாகிறார்கள். உடனே ரத்தத்தை நிறுத்தி, ஆபரேஷன் செய்தால் பலர் பிழைப்பார்கள். ரங்கராஜும் அவரது ஆட்களும் அத்தனை ஆபத்துக்குள் இறங்கியதற்குக் காரணம் அதுதான்.

1953-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி சண்டை நின்றது. அந்த நடமாடும் ஆஸ்பத்திரி கொரியாவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்தியம் செய்தது. 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. சிப்பாய்கள் மட்டும் அல்ல. வீடு இழந்த கொரிய மக்களும் அதில் அடக்கம். ரங்கராஜுக்கு இந்திய சர்க்கார் "மகாவீர் சக்கரம்" அளித்தது. போர்க்கள வீரத்துக்கான விருதுகளில் பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்தது அது.

பிரெஞ்சுக்காரர் ஒருவர்

ஆம்பூர் மக்களுக்குப் பிரெஞ்சுப் படை புதிது அல்ல. 1749-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆம்பூரில் பெரிய யுத்தம் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிப்பின் பக்கம் நின்றார்கள். ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் போர்க்களத்திலேயே மடிந்தார். 200 ஆண்டுகளுக்குப் பிறகு, கொரியா யுத்தத்துக்கும் பிரான்சு ஒரு படை அனுப்பியிருந்தது.

அதே காலத்தில், வியட்நாமில் பிரான்சு தனியாக ஒரு யுத்தம் நடத்தியது. அதில் பேர் பெற்றவர் மார்செல் பிஜார் என்ற பாராசூட் அதிகாரி. 1916-ல் பிறந்தவர். முதலில் பாங்கி குமாஸ்தா. பிறகு சாதாரணச் சிப்பாய். 1940-ல் ஜெர்மானியரிடம் கைதியாகி, தப்பி வந்தார். 1954-ம் ஆண்டு தியன் பியன் பூ கோட்டையை வியட்நாமியர் முற்றுகை இட்டபோது, தன் வீரர்களோடு அங்கே குதித்தார். மே 7-ந் தேதி கோட்டை விழுந்தது. பிஜார் கைதியானார். அதே ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, பிரான்சு புதுச்சேரியின் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது.

விடுதலை ஆன பிஜார், அல்ஜீரியாவுக்குச் சண்டைக்குப் போனார். அந்த யுத்தத்தில் பிரெஞ்சுப் பாராசூட் படையினர் கைதிகளைச் சித்திரவதை செய்ததாகப் புகார் எழுந்து, இன்றுவரை பேசப்படுகிறது. பிஜார் பிறகு ஜெனரல் ஆனார். துணை மந்திரியும் ஆனார். 2010-ல் தமது 94-வது வயதில் காலமானார்.

பிஜாரின் தைரியத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் சண்டையிட்ட வியட்நாமும் அல்ஜீரியாவும் பிரான்சின் கையை விட்டுப் போய்விட்டன. ரங்கராஜும் அதே குடையில்தான் இறங்கினார். அவர் காப்பாற்றிய உயிர்கள், காப்பாற்றியவையாகவே நின்றன.

கடைசிப் போர்

ராணுவத்தை விட்ட பிறகும் ரங்கராஜ் ஓய்ந்துவிடவில்லை. இந்தத் தடவை எதிரி, பெரியம்மை.

பெரியம்மை என்றால் ஒரு காலத்தில் ஊரே நடுங்கும். வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வந்தவர்களில் பலர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முகம் தழும்பாயிற்று. சிலருக்குக் கண் போயிற்று. இந்த நோயை உலகத்தை விட்டே விரட்டுவது என்று உலக சுகாதார நிறுவனம் புறப்பட்டது. ஆப்கானிஸ்தானில் அந்த வேலையை நடத்த உதவும் டாக்டராக ரங்கராஜ் போனார்.

மலைகள் நிறைந்த நாடு. குளிர்காலத்தில் பாதைகளைப் பனி மூடிவிடும். அன்னிய ஆண்களிடம் பெண்கள் கையைக் காட்டமாட்டார்கள். அம்மைச் சீழையே எடுத்துக் குத்தும் பழைய வைத்தியர்களும் இருந்தார்கள். அதனால் நோய் மேலும் பரவியது. அம்மை குத்தும் ஊழியர்கள் கிராமம் கிராமமாக நடந்தார்கள். வீடு வீடாக நோயாளியைத் தேடினார்கள். 1972-ம் ஆண்டோடு ஆப்கானிஸ்தானில் ஊன்றியிருந்த பெரியம்மை ஒழிந்தது. 1980-ல், உலகம் முழுவதும் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இன்று பிறக்கும் குழந்தையின் கையில் பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பு இல்லை. தாத்தா, பாட்டியின் கையைப் பார்த்தால் அந்த வட்டத் தழும்பு இருக்கும்.

மறக்காத கொரியா

யுத்தம் தொடங்கி 70 ஆண்டுகள் ஆன 2020-ம் ஆண்டு, தென் கொரிய அரசாங்கம் ஜூலை மாதத்துக்கு உரிய "போர் வீரர்" என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கவுரவித்தது. அவர் ரங்கராஜ்தான். அப்போது அவர் உயிரோடு இல்லை.

கொரியாவில் தெரிந்த அந்தப் பெயரைப் பாலாற்றங்கரைப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டாமா? பள்ளிக்கூடத்தில் ஆம்பூர் யுத்தம் சொல்லித் தருகிறார்கள். ஆற்காட்டு முற்றுகையையும், வேலூர்ப் புரட்சியையும் சொல்லித் தருகிறார்கள். ஆளைக் கொன்று ஜெயித்த யுத்தங்களோடு, ஆளைக் காப்பாற்றி ஜெயித்த இந்த டாக்டரின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.