அறுபத்து மூவர் விழா: மயிலாப்பூர் மாடவீதியில் உயிரோடு நடக்கும் சோழர் காலம்!

இரும்புக் கவசம், வாள், மரக் கோப்பை... வெளிநாடுகளில் வார இறுதியானால் இடைக்கால வேஷம் போட்டுக்கொண்டு அந்த நாள் வாழ்க்கையை வாழ்ந்து பார்க்கிறவர்கள் ஏராளம். 1966-ல் கலிஃபோர்னியாவில் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். 'நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு இல்லையே' என்று ஏங்குகிறீர்களா? மயிலாப்பூருக்கு வாருங்கள். டிக்கெட் கிடையாது. வேஷமும் வேண்டாம்.

கபாலீசுவரர் கோயிலில் பங்குனி மாதம் நடக்கும் 10 நாள் பெருவிழாவின் 8-ம் நாள்தான் அறுபத்து மூவர் விழா.

காலையில் ஓர் அப்பாவின் கதை

அன்று காலை, பூம்பாவை உயிர்பெற்ற நிகழ்ச்சி நடக்கும். மயிலை வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை. பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்துபோகிறாள். மகளின் எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் வைத்துக் காத்திருக்கிறார் அப்பா. 7-ம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாட, குடத்திலிருந்து மகள் எழுந்து வருகிறாள் என்கிறது புராணம்.

அந்தப் பதிகத்தைக் கவனித்துப் படித்தால் ஒன்று புரியும். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு என்று வரிசையாகச் சொல்லி, 'இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா?' என்று அந்தப் பெண்ணிடம் கேட்கிறார் சம்பந்தர். 1,300 ஆண்டுகளுக்கு முந்தைய மயிலாப்பூரின் திருவிழா காலண்டர் அது! அதில் பலவற்றை நம் வீடுகளில் இன்றைக்கும் கொண்டாடுகிறோம்.

தெருவில் வரும் தொழில்கள்

பிற்பகலில் நாயன்மார்கள் பல்லக்குகளில் வரிசையாகப் புறப்படுவார்கள். கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடாமல், யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். திருநீலகண்டர் மண்பாண்டம் செய்தவர். அதிபத்தர் நாகப்பட்டினத்து மீனவர். திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சியில் துணி வெளுத்தவர். நேசர் நெசவாளர். கலியர் நம் திருவொற்றியூரில் செக்கு ஓட்டியவர். வாயிலார் மயிலாப்பூர்க்காரரே! அரசர்களும் உண்டு, காரைக்கால் அம்மையார் உள்பட மூன்று பெண்களும் உண்டு. 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிவைத்த தமிழ்ச் சமூகம் மாடவீதியைச் சுற்றி வருகிறது.

பந்தலும் பழசுதான்

வெயிலில் நிற்பவர்களுக்கு வழியெல்லாம் நீர்மோர், பானகம், சாப்பாடு. இதுவும் அந்தக் காலத்துத் தொடர்ச்சிதான். திங்களூரில் நாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் அப்பூதியடிகள். அவரும் அன்று பல்லக்கில் வருவார். பந்தலில் டம்ளர் நீட்டும் கை, தனக்குத் தெரியாமலே அவர் வேலையைத்தான் செய்கிறது.

நந்தனார் வரும்போது...

கூட்டத்தில் ஒருவரை மட்டும் தவறவிடாதீர்கள். திருநாளைப்போவார் என்கிற நந்தனார். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். ஆனால், பிறந்த சாதியால் கோயிலுக்குள் போக முடியாதவர். தில்லையில் தீக்குள் இறங்கி எழுந்த பிறகுதான் அவருக்கு வழி கிடைத்தது என்கிறது புராணம். இன்று அதே நந்தனார் எல்லோரோடும் சேர்ந்து தோளில் சுமக்கப்பட்டு வருகிறார். பழைய காலத்தைக் கொண்டாடும்போது, அந்தக் காலம் யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் அவர் கதையையும் சொல்லுங்கள்.

போகிறவர்களுக்கு

* பங்குனி உத்திரத்தை ஒட்டி, மார்ச் - ஏப்ரலில் விழா வரும். அந்த ஆண்டுக்கான தேதியைக் கோயில் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.
* வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம்.
* நெரிசல் அதிகம். சின்னக் குழந்தைகளின் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள்.
* கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் காலை நிகழ்ச்சிக்கு வரலாம். அதுவும் முடியாவிட்டால், வேறொரு நாள் கோயிலுக்குள் இருக்கும் பூம்பாவை சந்நிதியில் நின்று வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.