தகவல் அடக்கமும் எளிய கருவிகளும்

ஒருவரைப் பற்றிய விவரங்கள் எவ்வளவு குறைவான இடங்களில் பதிவாகியிருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அவர் மோசடிக்கு ஆளாகும் வாய்ப்பும் குறைகிறது என்பது தகவல் பாதுகாப்புத் துறையின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. தேவைக்கு மேல் தரவைத் திரட்டாமல் இருப்பதைத் தரவுச் சுருக்கம் என்று அத்துறையினர் குறிப்பிடுவர். நிறுவனங்களுக்கென வகுக்கப்பட்ட இந்த ஒழுக்கத்தைத் தனிமனிதரும் கைக்கொண்டு, கேட்ட இடத்திலெல்லாம் கைப்பேசி எண்ணையும் பிறந்த தேதியையும் ஆதார் நகலையும் கொடுக்காமல் இருப்பதைத் தகவல் அடக்கம் எனலாம். இதற்குச் செலவு இல்லை என்பதால் இதை விற்பாரும் இல்லை, விளம்பரம் செய்வாரும் இல்லை. முழுப் பாதுகாப்பு அளிப்பதாகவும் யாரும் பின்தொடர முடியாதபடி மறைப்பதாகவும் கூறும் செயலிகளும் ஆண்டுச் சந்தாக்களுமே விளம்பரங்களில் இடம்பெறுகின்றன. அவற்றுள் சில, தாம் காப்பதாகச் சொன்ன தகவலையே திரட்டிப் பயன்படுத்தியதற்காகத் தண்டத்தொகை செலுத்தியிருக்கின்றன.

கணினி நச்சுநிரல்களைத் தடுக்கும் மென்பொருளுக்குப் பெயர்பெற்ற அவாஸ்ட் நிறுவனம், இணையத்தில் பின்தொடர்வோரைத் தடுப்பதாகக் கூறித் தன் மென்பொருளைப் பரப்பிக்கொண்டே, அதைப் பயன்படுத்தியோர் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தனர் என்ற விவரத்தைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட தரப்பினருக்கு விற்றது என அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. அந்நிறுவனம் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்ற தீர்வு 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. பேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ நிறுவனத்தின் செயலியும் இத்தகையதே. பயனரின் தரவைக் காக்கும் என்று பரப்பப்பட்ட அச்செயலி, அவர் வேறு எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார் என்பதைத் திரட்டித் தாய் நிறுவனத்தின் வணிக நோக்கங்களுக்கு அளித்தது. அதைப் போதிய அளவு தெரிவிக்காததற்காக ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2023 ஜூலையில் இரு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. இவற்றினும் எளிய சான்று 2013 டிசம்பரில் அமெரிக்க ஆணையம் எடுத்த நடவடிக்கையில் இருக்கிறது: கோடிக்கணக்கில் பதிவிறக்கப்பட்ட ஒரு கைவிளக்குச் செயலி, விளக்கை எரிப்பதைத் தவிர வேறு வேலையில்லாத நிலையிலும், பயனரின் இருப்பிடத்தையும் கருவியின் அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிவந்தது. இன்றைய கைப்பேசிகளில் விளக்கு உள்ளமைந்ததாகவே வருகிறது. அதற்கெனத் தனிச் செயலி நிறுவ வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

இன்று மிகுதியாக விளம்பரப்படுத்தப்படும் பொருள் விபிஎன் என்னும் சேவையாகும். பயனரின் கருவிக்கும் இணையத்துக்கும் இடையே ஓர் இடைநிலைக் கணினியை நிறுத்தி, அதுவரை செல்லும் போக்குவரத்தை மறையாக்கம் செய்வது, அதாவது இடையில் பார்ப்போர் படிக்க இயலாதபடி மாற்றி அனுப்புவது, இதன் வேலை. அலுவலக வலையமைப்பை வீட்டிலிருந்து அணுகுவோருக்கும், இரயில் நிலையம் போன்ற பொது இடங்களின் வைஃபையைப் பயன்படுத்துவோருக்கும் இதனால் உண்மையான பயன் உண்டு. ஆயினும் இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் மீது வைத்திருந்த நம்பிக்கை விபிஎன் நிறுவனத்தின் மீது இடம் மாறுகிறதே ஒழிய, நம்பவேண்டிய தேவை மறைவதில்லை. இராணுவத் தர மறையாக்கம் என்று முழங்கப்படுவது பெரும்பாலும் 2001இல் அமெரிக்காவில் பொதுத் தரமாக வெளியிடப்பட்ட ஏஇஎஸ் முறையே; வங்கித் தளங்களும் சாதாரண உலாவிகளும் அதையே கட்டணமின்றிப் பயன்படுத்துகின்றன. மேலும் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த நெறிமுறைகளின்படி, பொதுமக்களுக்கு விபிஎன் சேவை அளிப்போர் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், அவருக்கு ஒதுக்கப்பட்ட இணைய முகவரி ஆகியவற்றைச் சேவை முடிந்த பின்னும் ஐந்தாண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். வாடிக்கையாளர் யார் என்பதே பதிவாகாது என்ற வாக்குறுதியை இவ்விதிக்குக் கட்டுப்பட்ட நிறுவனம் எதுவும் நிறைவேற்ற இயலாது. எல்லாவற்றினும் முக்கியமாக, தொலைபேசியில் மிரட்டுபவரிடம் ஓடிபி எண்ணைத் தாமே சொல்லிவிடுபவரை எந்த விபிஎன்னும் காக்காது.

உலாவிகளில் உள்ள மறைநிலைச் சாளரம் குறித்தும் இத்தகைய மயக்கம் நிலவுகிறது. அது பார்த்த தளங்களின் வரலாற்றை அதே கருவியில் சேமிக்காமல் விடுமே தவிர, அத்தளங்களும் இணைப்பு தரும் நிறுவனமும் அறிவதைத் தடுக்காது. இதுபற்றி அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், அவ்வாறு திரட்டிய பெருந்தொகையான பதிவுகளை அழிக்க கூகுள் 2024இல் ஒப்புக்கொண்டது.

இவற்றுக்கு மாறாக, சேமிக்காமையையே வடிவமைப்பாகக் கொண்ட கருவி எப்படிச் செயல்படும் என்பதை சிக்னல் என்ற செய்திச் செயலி காட்டியிருக்கிறது. அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று 2016இல் ஒரு பயனரின் விவரங்களைக் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அச்செயலியை நடத்துவோரிடம் கொடுப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

இந்தியச் சூழலில் மிகப் பயனுள்ள எளிய கருவிகள் பல ஏற்கெனவே குடிமக்களின் கையில் இருந்தும் கவனிக்கப்படாமல் கிடக்கின்றன. தங்கும் விடுதியிலோ வாடகை வீட்டிலோ அடையாளம் காட்ட வேண்டிய இடத்தில், பன்னிரண்டு இலக்கங்களுள் கடைசி நான்கை மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட ஆதாரை அதன் ஆணையத் தளத்திலிருந்து இலவசமாக எடுத்துக் கொடுக்கலாம். ஆதார் எண்ணுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய, வேண்டும்போது மாற்றிக்கொள்ளத்தக்க பதினாறு இலக்க மெய்நிகர் அடையாள எண்ணும் உண்டு. கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி, ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில் போலிக் கைரேகையால் கணக்கைக் காலிசெய்யும் மோசடிக்கு நேரடித் தடையாகும். அடிக்கடி கைரேகை வைக்கத் தேவையில்லாத முதியோர் உள்ள குடும்பங்கள் இதை உடனே செய்துகொள்வது நல்லது. அச்செடுப்பதற்காக ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பப்படும் பான் அட்டையும் வங்கிப் புத்தகமும் அக்கடையின் கைப்பேசியிலும் கணினியிலும் தங்கிவிடுகின்றன என்பதால், அட்டையை நேரில் கொண்டுசென்று நகலெடுத்துத் திரும்பும் பழைய முறையே பாதுகாப்பானது. அவ்வாறு எடுத்த நகலில் எந்த நோக்கத்துக்காக எந்த நாளில் கொடுக்கப்படுகிறது என்று குறுக்காக எழுதிக் கையொப்பமிடுவது வேறிடத்தில் அதைப் பயன்படுத்துவதைக் கடினமாக்கும். கடவுச்சொற்களைப் பொறுத்தவரை, ஒவ்வொரு கணக்குக்கும் நீளமான வெவ்வேறு சொற்களை வைத்து அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துவது தவறில்லை என்று பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையமே கூறுகிறது. தொலைவிலிருந்து திருடுபவரால் பீரோவில் உள்ள காகிதத்தை எட்ட முடியாது.

இந்த அடக்கத்துக்கு அரசமைப்பின் துணையும் உண்டு. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாக, தனியுரிமை என்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. இதைத் தொடர்ந்து நிறைவேற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. எனினும் நிறுவனங்களின் முதன்மையான கடமைகளும் மக்களின் உரிமைகளும் பதினெட்டு மாதங்களுக்குப் பின், அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டுள்ளன.

அச்சட்டத்தின்படி ஒப்புதல் என்பது கட்டாயமும் நிபந்தனையும் இன்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் அறிந்து தரப்படுவதாக இருக்க வேண்டும். அந்நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மேல் அது செல்லாது. சட்டமே இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது: தொலைமருத்துவச் செயலி ஒன்று பயனரின் தொடர்பு எண்களின் பட்டியலையும் கேட்டு, அவர் சம்மதித்திருந்தாலும், மருத்துவ ஆலோசனைக்கு அப்பட்டியல் தேவையில்லாததால் அந்தச் சம்மதம் மருத்துவச் சேவையோடு நின்றுவிடும். ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள தமிழ் உள்ளிட்ட மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதும், கொடுத்த எளிமையோடே ஒப்புதலைத் திரும்பப் பெற இயல வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் சிறப்புகள். ஆயினும் இதன் எல்லையை அறிவது உரிமைகளை அறிவதைப் போலவே முக்கியமானது. ஒருவர் தாமே பொதுவெளியில் வெளியிட்ட தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது. பிள்ளையின் பள்ளிச் சீருடைப் படம், புதுமனையின் முகவரி தெரியும் அழைப்பிதழ், குடும்பமே ஊரில் இல்லை என்று அறிவிக்கும் பயணப் படங்கள் ஆகியவற்றை அனைவரும் பார்க்கும்படி பகிர்ந்தவர், அவற்றை யாரேனும் திரட்டினால் இச்சட்டத்தைக் காட்டித் தடுக்க இயலாது. அதே வேளையில் தகவல் அடக்கம் என்பது பொய்த்தகவல் தருவதற்கான அனுமதியாகாது; அரசு வழங்கும் அடையாள ஆவணங்களுக்காக விவரம் தரும்போது முக்கியச் செய்தியை மறைப்பதும், பிறராக நடிப்பதும் இச்சட்டத்தின்படி 10,000 ரூபாய் வரை தண்டத்துக்கு உரியவை.

இச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. கைப்பேசி எண்ணைத் தராவிட்டால் பில் போட முடியாது என்று கடைகள் வற்புறுத்துவது முறையற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியுள்ளது. நம்பிக்கையின் பேரில் நுகர்வோர் தந்த தனிப்பட்ட தகவலைப் பிறருக்கு வெளியிடுவதையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவ்வகையிலேயே சேர்க்கிறது. கடன் செயலிகள் தொடர்பு எண்களின் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் படத்தொகுப்பையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. நிறுவும்போதே அப்பட்டியலைக் கேட்கும் கடன் செயலி விதியை மீறுகிறது என்பதையும், பின்னாளில் உறவினருக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்தும் கொடுமைக்கு அப்பட்டியலே கருவியாகிறது என்பதையும் கடன் தேடுவோர் உணர வேண்டும். பொய் அவசரம் காட்டுதல், கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்தல், சந்தாவை நிறுத்த வழியை ஒளித்தல் உள்ளிட்ட பதின்மூன்று ஏமாற்று வடிவமைப்பு உத்திகளை 2023 நவம்பர் இறுதியில் வந்த நெறிமுறைகள் தடைசெய்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான புகாரை மாவட்ட ஆட்சியரிடமும் அளிக்கலாம்.

பணம் பறிபோனால் முதலில் செய்ய வேண்டியது 1930 என்ற எண்ணை அழைப்பதும் வங்கிக்குத் தெரிவிப்பதும் ஆகும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுவதற்கு முன் முடக்கினால்தான் மீட்கும் வாய்ப்பு உண்டு என்பதால் இதில் ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. வங்கியும் வாடிக்கையாளரும் பிழை செய்யாத நிலையில் மூன்றாம் தரப்பின் மீறலால் நேர்ந்த இழப்பை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தவர் சுமக்க வேண்டியதில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை கூறுகிறது. ஓடிபியைத் தாமே சொன்னவர், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பைத் தாமே ஏற்க நேரும்.

தரவுப் பாதுகாப்பில் தவறிய நிறுவனத்துக்குப் புதிய சட்டம் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. ஆனால் அத்தொகை அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லுமே அன்றி, தகவலை இழந்தவருக்குக் கிடைக்காது. இழப்பீடு பெற வகைசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது நீக்கப்படுகிறது. இது மக்களுக்குப் பெரிய குறை. நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும். அதுவரை, பொருளையோ சேவையையோ பணம் கொடுத்துப் பெற்று ஏமாற்றப்பட்டவர், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுத் தீர்வு கிடைக்காவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடவும் தடையில்லை.