படியைத் தாண்டினால்தான் பந்தி

சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஓட்டல் சாப்பாடு வாசற்படியிலேயே தொடங்கிவிடுகிறது. செட்டிநாட்டில் அந்தப் படிகளும் அதிகம். நகரத்தார் வீடுகள் தெருமட்டத்திலிருந்து நன்கு உயர்த்திக் கட்டப்பட்டவை. படியேறினால் திண்ணை, அதைக் கடந்தால் நிலைவாசல், பிறகு முற்றத்தைச் சுற்றிய வளவு என்று வீடு நீளும். போகும் வழியில் நிலைப்படிகள் குறுக்கே நிற்கும். கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி போன்ற ஊர்களில் இத்தகைய பழைய வீடுகள் சில இன்று விடுதிகளாகி, வெளியூர்க்காரர்களுக்கு இலை போட்டுச் செட்டிநாட்டு விருந்து பரிமாறுகின்றன. உள்ளே போய்விட்டால் ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தரையில் சக்கரம் தடையில்லாமல் உருளும். உள்ளே போவதுதான் பாடு. கடைத்தெரு ஓட்டல்களிலோ சாக்கடைமேல் போட்ட பலகைக்கல், அதையடுத்து இரண்டு மூன்று படிகள், ஏ.சி. அறை பெரும்பாலும் மாடியில்.

சாய்தளத்துக்கு விதிக்கப்பட்ட சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆறங்குலப் படி ஒன்றுக்கு ஆறடி வேண்டும். மூன்று படிக்குப் பதினெட்டு அடி. டூவீலர் ஏற்றுவதற்காகச் செங்குத்தாகப் பூசிவிட்ட சிமெண்ட் சரிவில் நாற்காலி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். சாய்தளம் இல்லாத இடத்தில் நாலு பேர் ஓடிவந்து தூக்குவார்கள். நல்ல மனதோடுதான் தூக்குகிறார்கள். ஆனால் பல நாற்காலிகளில் கைத்தாங்கி கழன்றுவரக்கூடியது. அதைப் பிடித்துத் தூக்கினால் அது கையோடு வந்துவிடும், உட்கார்ந்திருப்பவர் விழுவார். இரும்புச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். எங்கே பிடிக்கலாம் என்று உட்கார்ந்திருப்பவரையே முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது மேசை. தரையோடு பொருத்திய கல்மேசையும் அதனுடன் இணைந்த பெஞ்சும் இருந்தால் நாற்காலிக்கு இடமே இல்லை. நடுவில் ஒற்றைத் தூண் வைத்த மேசையில் கால்மிதி இடிக்கும். மேசைக்கடியில் முழங்கால் நுழைய ஏறத்தாழ 70 செ.மீ. உயரம் வேண்டும். அது இல்லையென்றால் இலைக்கும் வாய்க்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விழுந்து, சாம்பார் மடியில் சொட்டும். நகர்த்தக்கூடிய நாற்காலிகளும் நான்கு கால் மேசையும் ஒரே ஒரு வரிசையில் இருந்தாலும் போதும்.

கையும் ஒத்துழைக்காதவர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட பலருக்கு விரல்கள் அசையாது. மணிக்கட்டை மட்டும் மேலே தூக்க முடியும். அப்படித் தூக்கும்போது தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாகவே மடங்கும், கட்டைவிரல் சுட்டுவிரலோடு ஒட்டும். அந்த மெல்லிய பிடியில் ஒரு இட்லித் துண்டையோ பணியாரத்தையோ எடுத்துச் சாப்பிடுபவர்கள் உண்டு. நண்டை உடைப்பதும் காடையின் எலும்பிலிருந்து கறியைப் பிரிப்பதும் அந்தக் கையால் ஆகாது. சமையலறையிலேயே பிரித்துத் தந்தால் செட்டிநாட்டுச் சமையலின் முழு ருசியும் அவருக்கும் கிடைக்கும்.

இப்படிச் செயலிழந்த கைகளின் கதையில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பெரிய இடம் உண்டு. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் மீட்கும் பணியை 1940களின் இறுதியில் அங்கே தொடங்கியவர் டாக்டர் பால் பிராண்ட். 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அத்தகைய கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் அங்கு மறுவாழ்வு மையம் உருவாக அவரே காரணம்.

மீண்டும் சாப்பாட்டு மேசைக்கு வருவோம். இலை தட்டையானது, ஓரம் இல்லாததால் ஒதுக்கும் சோறு வெளியே ஓடும். வட்டமாக வெட்டிய இலையை விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் வைத்தால் சோறு விளிம்பில் முட்டி விரலுக்குள்ளோ ஸ்பூனுக்குள்ளோ ஏறும். ரசம் சாதத்தைக் குழியான கிண்ணத்தில் பிசைந்து தரலாம். ஸ்பூனின் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் பலவீனமான கையிலும் நிற்கும். டபரா டம்ளரில் வரும் காபிதான் ஆபத்து. தொடுவுணர்வு இழந்த விரல் சுட்டுப்போவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும். காதுள்ள கப், பாதியளவு காபி, மிதமான சூடு போதும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் ஒன்று. தடை சரியானதே. ஆனால் டம்ளரைத் தூக்க முடியாதவருக்கு ஸ்ட்ரா அவசியப்பொருள். காகித ஸ்ட்ராவோ சூட்டில் ஊறித் துவண்டுவிடும். சிலிகோன் ஸ்ட்ரா ஒன்றைக் கையோடு எடுத்துப்போவது நல்லது.

கை கழுவும் தொட்டி உயரத்தில் இருந்தால் மேசைக்கே வெந்நீர்க் கிண்ணம் வரட்டும். கழிப்பறைக்குத்தான் மாற்று ஏற்பாடு இல்லை. குறுகிய கதவுக்குள் நாற்காலி நுழையாது என்பதால் பலர் வெளியே கிளம்பும் நாளில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு இது சிறுநீர்த் தொற்றை வரவழைக்கும். படியைவிடக் கொடியது இதுதான்.

பரிமாறுபவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, “சாருக்கு என்ன வேணும்?” என்று கேட்பது இன்னும் எல்லா ஊரிலும் நடக்கிறது. சாப்பிட வந்தவரிடமே கேட்பதற்குக் காசு செலவில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி, மக்கள் வந்துபோகும் தனியார் வணிகக் கட்டடமும் பொதுக்கட்டடமே. அணுகல் விதிகளைப் பின்பற்றாத புதிய கட்டடத்துக்கு அனுமதி தரக் கூடாது. பழைய கட்டடங்களை மாற்ற, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டு அவகாசம். விதிகள் 2017 ஜூனில் வெளியாயின, அவகாசமும் முடிந்துவிட்டது. அந்த விதிகளில் ஒன்று வெறும் பரிந்துரையாக இருக்கிறது என்று கண்ட உச்ச நீதிமன்றம், கட்டாய விதிகளை வகுக்கும்படி 2024 நவம்பரில் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. ஓட்டல் நடத்துபவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை: ஒரு சாய்தளம், நகர்த்தக்கூடிய ஒரு மேசை, அகலக் கதவுள்ள ஒரு கழிப்பறை ஆகியவற்றை இந்த ஆண்டே செய்துவிடலாம்.