ஒரு முகம், ஒரு கோடிப் பேர்

கருத்துக்கணிப்பில் பங்கெடுத்ததற்காக உங்களிடம் ஐந்து ஒற்றை டொலர் தாள்களைத் தருகிறார்கள். கூடவே ஒரு நன்கொடைக் கடிதம். சிலருக்கு வந்த கடிதத்தில் ஆபிரிக்காவின் பசிக் கணக்கு: மலாவியில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள், எத்தியோப்பியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். வேறு சிலருக்கு மாலி நாட்டின் ஏழு வயதுச் சிறுமி ரோக்கியா மட்டும். டெபோரா ஸ்மால், ஜோர்ஜ் லோவன்ஸ்டீன், போல் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. கணக்கைப் படித்தவர்கள் சராசரியாக 1.14 டொலர் கொடுத்தார்கள். ரோக்கியாவைப் படித்தவர்கள் 2.38. இரண்டையும் ஒரே கடிதத்தில் வைத்தால் இன்னும் கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43க்கு இறங்கிவிட்டது.

எண்ணைக் கண்டதும் மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. கணக்குப் போடும் மனத்தில் இரக்கம் ஆறிவிடுகிறது. கடிதத்துக்கு முன் சிறு கணக்குகளைச் செய்யவைக்கப்பட்டவர்கள் ரோக்கியாவுக்கே குறைவாகக் கொடுத்தார்கள். எண்ணிக்கையைவிட ஒரு முகத்துக்கே கூடக் கொடுக்கும் சாய்வு உங்களுக்கு உண்டு என்று விளக்கிச் சொன்னபோதும் அப்படித்தான்: ரோக்கியாவின் பங்கு குறைந்தது, கணக்கின் பங்கு கூடவில்லை. அறிவு வந்தால் ஈகை வளரும் என்று நம்புகிறவர்களுக்கு இது கசப்பான செய்தி.

விளம்பரக்காரர்கள் இதை ஆய்வுக்கு முன்பே கைப்பழக்கத்தில் அறிந்தவர்கள். அதனால்தான் மருத்துவமனை விளம்பரம் என்றால் ஒரு வாடிய பிள்ளை, மெல்லிய பியானோ. ரொறொன்ரோவில், 1875இல் தொடங்கி இன்று யூனிவர்சிற்றி அவெனியூவில் நிற்கும் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனையின் அறக்கட்டளை, 2016 ஒக்ரோபரில் அந்தப் பியானோவைத் தூக்கிப் போட்டது. கோசெட் விளம்பர நிறுவனம் எடுத்த இரண்டு நிமிடப் படத்தில் உண்மையான நோயாளிப் பிள்ளைகள் போர்வீரர்களாகவும் அதிநாயகர்களாகவும் வந்தார்கள். பெயர் 'விஎஸ்': எதிர். நோய்க்கு எதிர். இரங்கச் சொல்லவில்லை, அணியில் சேரச் சொன்னது.

இது வெறும் துணிச்சல் அல்ல. நியூயோர்க் ரைம்ஸ் கட்டுரைகளில் எவை அதிகம் பகிரப்படுகின்றன என்று ஜோனா பெர்கரும் கேத்தரின் மில்க்மனும் ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். வியப்பு, கோபம், பதற்றம் ஆகியவை உடலைக் கிளறுகின்றன, அவை பரவுகின்றன. சோகம் ஆளை உட்காரவைத்துவிடுகிறது. தொலைக்காட்சியில் சோகம் பிழைக்கலாம். விரலால் தள்ளிப் பார்க்கும் கைபேசியில் அதற்கு ஆயுள் குறைவு. என் கணிப்பில் சிக்கிட்ஸ் படத்தைவிட அதே பிரசாரத்தின் சுவரொட்டிதான் கெட்டிக்கார வேலை. படத்தில் முகங்கள் நாடி துடிக்கும் வேகத்தில் ஓடிவிடுகின்றன. சுவரொட்டியில் ஒரு பிள்ளை நின்று நம்மைப் பார்க்கிறது.

போர் என்றால் தோல்வியும் உண்டு. படம் வந்ததும் சில பெற்றோர் மனம் புண்பட்டார்கள்: அப்படியானால் இறந்துபோன பிள்ளை சரியாகப் போராடவில்லையா? அந்த உருவகத்துக்குள் இதற்குப் பதில் இல்லை.

அடுத்த ஆண்டு இதே பிரசாரம் புதிய மருத்துவமனைக்காக 130 கோடி டொலர் இலக்கை அறிவித்தது. பணம் போகும் இடங்களோ கட்டடமும் ஆய்வுகூடமும். அவற்றுக்கு முகம் கிடையாது. ஆனால் ஆய்வுகூடத்தின் வேலையைப் பாருங்கள்: சிஸ்ரிக் ஃபைப்ரோசிஸ் நோயின் மரபணுவை 1989இல் கண்டறிந்ததில் இதே மருத்துவமனையின் ஆய்வாளர் லாப்-சீ சூயிக்குப் பெரும் பங்குண்டு. நோயுள்ள பல குடும்பங்களின் இரத்த மாதிரிகளை ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் மரபணு இருக்கும் இடத்தை நெருங்க முடிந்தது. ஒரு பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது அகப்பட்டிருக்காது.