ஒரே தானியம், இரண்டு பிரமாணங்கள்

உழவரும் உலகச் சந்தையும் – 9

1846-ஆம் ஆண்டில் தானியச் சட்டங்களை நீக்கித் தன் துறைமுகங்களை அயல்நாட்டுத் தானியத்திற்குத் திறந்துவிட்ட பிரிட்டன், அமெரிக்கச் சமவெளிகளின் கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் ஏறி வந்து குவியக் குவிய, முதல் உலக யுத்தம் மூளும் தறுவாயில் தான் உண்ட கோதுமையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெளியிலிருந்தே பெறும் நிலையை அடைந்த சரித்திரத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அன்றைய விவசாயியின் மனக்குறை விலையைப் பற்றியது. இன்று அந்நாட்டில் ஏர் நடத்துகிறவர்களின் மனக்குறையோ விலையோடு நில்லாமல், நியாயத்தைப் பற்றியதாகவும் வளர்ந்திருக்கிறது. அதன் காரணத்தை இந்த வாரம் ஆராய்வோம்.

மாடுகளைப் பீடித்த பித்து நோய்க்கும் மனிதரைக் கொல்லும் ஒரு மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 1996 மார்ச் மாதத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் பார்லிமெண்டில் அறிவித்தபோது, உண்ணும் உணவின்மீது ஜனங்கள் வைத்திருந்த விசுவாசம் அடியோடு ஆட்டம் கண்டது. இழந்த அந்த விசுவாசத்தை மீட்பதற்காகத்தான், பண்ணையிலிருந்து கடைவரை ஒவ்வொரு படியிலும் சோதனை நடந்திருக்கிறது என்று சாட்சி சொல்லும் ‘ரெட் டிராக்டர்’ முத்திரை, விவசாயிகள் சங்கத்தின் முயற்சியால் 2000-ஆம் ஆண்டில் பிறந்தது. நோக்கம் உயர்ந்தது, அதை விவசாயிகள் மனமுவந்து வரவேற்றார்கள் என்பதையும் மறக்கலாகாது.

தானியம் பயிரிடுகிறவர் இந்த முத்திரைக்குப் பாத்திரராவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். எந்த மருந்தை, எந்த நாளில், எந்த வயலில், எவ்வளவு தெளித்தார் என்பதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். தெளிப்பு இயந்திரத்தைக் காலந்தவறாமல் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். ஈரம் அளக்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சான்று வைத்திருக்க வேண்டும். களஞ்சியத்தில் எலியும் பறவையும் நுழையாமல் காக்க வேண்டும். விளக்கு உடைந்தால் கண்ணாடிச் சில்லு குவியலில் விழாதபடி மூடி போட வேண்டும். பூஞ்சை நஞ்சு சேரக்கூடிய அபாயத்தைக் கணித்து, ‘கிரெயின் பாஸ்போர்ட்’ என்று அவர்கள் சொல்லும் சீட்டில் குறிக்க வேண்டும். அந்தச் சீட்டு ஒவ்வொரு லாரியோடும் போகும். அந்த லாரி இதற்கு முன் சுமந்த மூன்று பாரங்கள் எவை என்பதுகூட அதில் இடம்பெறும். இத்தனைக்கும் மேலாக, பரிசோதகர் ஒருவர் பண்ணைக்கு வந்து ஏட்டையும் களஞ்சியத்தையும் பார்வையிட்டுப் போவார். அதற்கான கட்டணமும் விவசாயியின் செலவே.

சட்டப்படி இது எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆயினும், மாவு ஆலைகளும் கால்நடைத் தீவன ஆலைகளும் உள்நாட்டுத் தானியத்தைச் சான்று பெற்ற பண்ணையிலிருந்தே வாங்குவது என்று வைத்துக்கொண்டிருப்பதால், முத்திரை இல்லாதவருக்குச் சந்தையின் பெரும்பகுதி அடைபட்டுப் போகிறது. முத்திரை பெற்றதற்காகக் கூடுதல் விலை கிடைப்பதில்லை. பெறாவிட்டால் விலை குறைகிறது, அல்லது வாங்குவாரே இல்லை. விருப்பம் என்ற பெயரோடு வந்த ஏற்பாடு நடைமுறையில் நிர்ப்பந்தமாகிவிட்டது என்பது அவர்களது முதல் குறை.

அதனினும் ஆழமான இரண்டாவது குறை, துறைமுகத்தில் தொடங்குகிறது. கனடாவிலிருந்தோ, உக்ரேனிலிருந்தோ, பிரேசிலிலிருந்தோ கப்பலில் வந்து இறங்கும் கோதுமைக்கும் மக்காச்சோளத்திற்கும் பண்ணைச் சான்று கேட்கப்படுவதில்லை. அது எங்கிருந்து வருகிறது, அதில் என்ன அபாயம் இருக்கக்கூடும் என்று இறக்குமதியாளர் கணித்து, மாதிரி எடுத்துப் பரிசோதித்தால் போதும். ஒரே ஆலையில், ஒரே தீவனத்தில், சான்று பெற்ற உள்நாட்டுத் தானியத்தோடு அதுவும் கலந்துவிடுகிறது. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று நாம் சொல்லும் நிலை இதுவே.

வியாபாரிகளின் சமாதானத்தையும் நேர்மையோடு எடுத்துரைப்பது நம் கடமை. ஒரு கப்பலில் வரும் ஆயிரக்கணக்கான டன் தானியம் எத்தனையோ பண்ணைகளில் விளைந்து, கிடங்கில் ஒன்றாகக் கலந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஆள் அனுப்புவது சாத்தியமன்று. ஆகவே பண்டத்தையே பரிசோதிக்கிறோம் என்கிறார்கள் அவர்கள். இந்த வாதத்தில் பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்ட விவசாயி தொடுக்கும் கேள்விக்குத்தான் இன்றுவரை திருப்தியான விடை கிடைக்கவில்லை: பண்டத்தைப் பரிசோதித்தால் போதும் என்பது அயல்நாட்டுக் கோதுமைக்கு உண்மையானால், என் கோதுமைக்கு மட்டும் அது ஏன் போதாது?

பரிசோதனைச் சாலை காட்டக்கூடியது தானியத்தில் தங்கிய மருந்தின் எச்சத்தை. விளைவித்த முறையை அன்று. அட்ரஸின் என்னும் களைக்கொல்லிக்கு, பிரிட்டனும் அங்கத்தினராக இருந்த ஐரோப்பிய ஒன்றியம் 2004-ஆம் ஆண்டில் அனுமதி மறுத்தது; அமெரிக்காவின் மக்காச்சோள வயல்களில் அது இன்னமும் தெளிக்கப்படுகிறது. எச்சம் வரம்புக்குள் இருந்தால் அத்தகைய வயலின் தானியம் வந்து இறங்கத் தடையில்லை. நிலத்தடி நீரின் க்ஷேமத்தைக் கருதி ஒரு மருந்தைக் கைவிட்டவர், அதைக் கைவிடாதவரோடு அதே விலையில் போட்டியிட நேர்கிறது.

இந்த மனத்தாங்கல் பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்த வேளையில், 2023-ஆம் ஆண்டில் ரெட் டிராக்டர் ஸ்தாபனம் சுற்றுச்சூழல் சம்பந்தமான புதியதொரு நிபந்தனைத் தொகுதியை, விவசாயிகளைத் தக்கபடி கலந்து ஆலோசியாமலே அறிவித்தது. எழுந்த எதிர்ப்பின் வேகத்தில் அத்திட்டம் மறு ஆண்டிலேயே கைவிடப்பட்டது. சான்று முறைகள் அனைத்தையும் சுயேச்சையாக ஆராய்ந்த அறிக்கையொன்று 2025 ஜனவரியில் வெளிவந்து, பண்ணைச் சோதனைகளின் சுமை குறைய வேண்டும் என்று வற்புறுத்தியது. அதற்கு முந்திய 2024-இல் மழை மிகுதியால் பிரிட்டனின் கோதுமை மகசூல் முந்தைய ஆண்டின் ஏறத்தாழ 140 லட்சம் டன்னிலிருந்து சுமார் 111 லட்சம் டன்னாக வீழ்ந்து, அந்தக் குறையை இறக்குமதி நிரப்பிற்று. உள்நாட்டுக் களஞ்சியம் வற்றிய காலத்தில்தான், சான்றில்லாத தானியம் அதிகமாக வந்து இறங்கியது.

இவ்விவசாயிகள் சுத்தத்தையோ கண்டிப்பையோ வெறுக்கிறார்கள் என்று எண்ணுவது அநியாயம். நம்பிக்கை என்பது ஒருவரிடம் மட்டும் சாட்சி கேட்டுப் பெறக்கூடிய பொருளன்று. பண்ணைச் சான்றே உணவைக் காக்கும் என்றால் அதை எல்லாத் தானியத்திற்கும் கேட்க வேண்டும்; பண்டப் பரிசோதனையே போதும் என்றால் அந்த வழியை உள்நாட்டவருக்கும் திறந்துவிட வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அது தர்மமே. இரண்டையும் வைத்துக்கொண்டு, கடினமானதைச் சொந்த உழவருக்கும் எளியதைக் கப்பலுக்கும் ஒதுக்குவது மட்டும் தர்மமாகாது.

(தொடரும்)